சானல் கரையா, தார்ச்சாலையா?

நேயர்களுக்கு வணக்கம்.

சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தாய்மார் சொல்வது, "ரோட்டுப் பக்கம் போகாதே, சானல் கரையோடு போ" என்பதுதான். பாசனக் கால்வாயைத்தான் சானல் என்கிறோம். தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளைக்குப் போகும் நெடுஞ்சாலையில் டாரஸ் லாரிகளின் வரத்தைப் பார்த்த யாரும் இதைக் குறை சொல்லமாட்டார்கள். மணிக்கு 20 கிலோமீட்டரில் வரும் லாரி 60-இல் வந்தால் மோதும் ஆற்றல் மூன்று மடங்கல்ல, ஒன்பது மடங்கு.

ஆனால் கரையில் போனால் அடியே படாது என்று நம்பிவிட வேண்டாம். கனடாவின் டொரண்டோ, வான்கூவர் நகரங்களில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்த 690 சைக்கிளோட்டிகளைப் பற்றிய ஆய்வு 2012-இல் வெளியானது. ஒருவர் அடிபட்ட இடத்தை, அதே பயணத்தில் அவர் பத்திரமாகக் கடந்த வேறோர் இடத்தோடு ஒப்பிட்டார்கள். ஓரத்தில் வண்டிகள் நிற்கும் பெரிய சாலையை அளவுகோலாக வைத்தால், சைக்கிளுக்கென்றே தடுத்துப் பிரித்த தடத்தில் ஆபத்து ஒன்பதில் ஒரு பங்குதான். நடப்பவரும் சைக்கிளும் கலந்து போகும் பாதையிலோ ஏறத்தாழக் கால்பங்குதான் குறைந்தது. அந்தக் குறைவையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இறக்கத்தில் ஆபத்து இரு மடங்குக்கு மேல். மேடும் இறக்கமுமான கல்குளம், விளவங்கோடு பக்கத்தார் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அனந்தனார் சானல் கரையிலோ தோவாளை சானல் கரையிலோ காலையில் போய்ப் பாருங்கள், காரணம் புரியும். மூன்று பேர் கைவீசி அகலமாக நடப்பார்கள். ஒருவர் காதில் பாட்டு. ஆடு ஒருபுறம், அதன் கயிறு மறுபுறம். நெரிசலுக்குத் தப்பிய பைக் ஒன்று பின்னால் ஹாரன் அடிக்கும், கரை ஏதோ அவருக்குப் பட்டா போட்டுக் கொடுத்த இடம்போல! நமக்கு இரண்டு மழைக்காலம் வேறு. கான்கிரீட்டில் பாசி காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

இவற்றில் பெரும்பாலும் சிராய்ப்போடு போகும். உயிருக்கு உலை வைப்பது, கரை ரோட்டைத் தொடும் பாலம். கரையிலிருந்து திடீரென ஏறிவரும் சைக்கிளை லாரிக்காரர் எதிர்பார்ப்பதில்லை. அங்கே வாழையும் சுவரும் மறைத்திருக்கும். பிள்ளைகள் அந்த இடத்தில் இறங்கி உருட்டித்தான் கடக்க வேண்டும். வேகமாக மிதிக்கும் இளைஞர்களுக்கு என் யோசனை வேறு: உங்களுக்குக் கரை வேண்டாம். பின்விளக்கு மாட்டிக்கொண்டு சாலையிலேயே போங்கள். கரையில் லாரி நீங்கள்தான்.

அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள் தருகிறது. அதை ஓட்டத் தனித் தடம் கேட்டால் இடமில்லை என்பார்கள். 2011 கணக்கெடுப்பில் சென்னைக்கு அடுத்து மக்கள் நெருக்கம் இங்கேதான் என்பதால், அதில் உண்மையும் உண்டு. ஆனால் பாலத்தை ஒட்டி வேகத்தடையும், தண்ணீர்ப் பக்கம் ஒரு கைப்பிடிச் சுவரும் கட்ட நிலம் எடுக்க வேண்டியதில்லை. அடுத்த கிராமசபையில் மனுக் கொடுங்கள். எந்தப் பாலம், எந்தத் திருப்பம் என்று எழுதுங்கள். வெறுமனே 'சாலைப் பாதுகாப்பு' என்று எழுதிய மனு கோப்பிலேயே கிடக்கும்.

நன்றி, வணக்கம்.