வீடு, மேடை, ஸ்டுடியோ: கிட்டார் பெடல்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

[ஒலி: ஒரு கிட்டார் ரிஃப், தனியாக, குறைந்த வால்யூமில். அடுத்து அதே ரிஃப், டிரம்ஸ், பேஸ், கீபோர்டு எல்லாம் சேர்ந்து, முழுச் சத்தத்தில்.]

வணக்கம். இப்போது கேட்டது இரண்டு முறையும் ஒரே கிட்டார், ஒரே பெடல், ஒரே ஆம்ப். வால்யூமைத் தவிர எந்த நாபையும் தொடவில்லை. தனியாக இருந்தபோது அறையே நிறைந்த மாதிரி இருந்த சத்தம், பேண்ட் சேர்ந்ததும் காணாமல் போய்விட்டது.

பெடல் என்றால், கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே வைத்து, காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் சின்னப் பெட்டி. பெடல் பேச்சு வந்தாலே "எந்தப் பெடல் நல்லது?" என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கிட்டாரிலிருந்து கிளம்பும் சிக்னல் கடைசியில் எதன் வழியாக வெளியே வரப்போகிறது, எவ்வளவு சத்தத்தில்? ஹெட்போனா, ஆம்பா, மேடையின் மிக்சரா, கிட்டாரைக் கம்ப்யூட்டரில் பதிய உதவும் ரெக்கார்டிங் இன்டர்ஃபேஸா? இது தெளிவானால் பாதித் தேர்வு தானாக முடிந்துவிடும்.

[திரையில்: காது கேட்கும் அளவைக் காட்டும் வளைகோடுகள்.]

சத்த அளவிலிருந்தே தொடங்குவோம். 1933-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் இருவரும் காதைப் பற்றி ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். நம் காது எல்லா அலைவரிசைகளையும் சமமாகக் கேட்பதில்லை. சத்தம் குறையக் குறைய பேஸும், மேலே இருக்கும் ட்ரெபிளும் நமக்கு மங்கிப்போகும். நடுப்பகுதி மட்டும் ஓரளவு தெளிவாக நிற்கும்.

இது கிட்டார்காரரை எப்படிப் பாதிக்கிறது என்று பாருங்கள். இரவு பத்து மணி. பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவில் வாசிக்கிறீர்கள், சப்பென்று இருக்கிறது. பேஸைக் கூட்டுகிறீர்கள், ட்ரெபிளைக் கூட்டுகிறீர்கள், மிடிலைக் குறைக்கிறீர்கள். அறைக்குள் அருமையாக இருக்கிறது. அதே செட்டிங்கோடு மேடை ஏறுகிறீர்கள். அங்கே சத்தம் அதிகம், அதனால் காதே பேஸையும் ட்ரெபிளையும் கூடுதலாகக் கேட்கிறது. நீங்கள் வீட்டில் ஏற்றியதும் அதோடு சேர்ந்துகொள்கிறது. பேஸ் போய் பேஸ் கிட்டாரோடும் கிக் டிரம்மோடும் முட்டுகிறது. ட்ரெபிளை சிம்பல் மூடிவிடுகிறது. கிட்டாருக்கென்று இருந்த ஒரே இடம் மிடில். அதை வீட்டிலேயே வெட்டிவிட்டீர்கள்.

இதை ஒரு பெடலை வைத்தே பார்த்துவிடலாம். ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர், சத்தத்தைக் கரகரப்பாக்கும் (டிரைவ், டிஸ்டார்ஷன்) வகையைச் சேர்ந்த அந்தப் பச்சைப் பெட்டி. டிஎஸ்808 வந்தது எழுபதுகளின் கடைசியில், டிஎஸ்9 வந்தது 1982-ல். வெளியே மூன்றே நாப்: டிரைவ், டோன், லெவல். உள்ளே நடப்பதுதான் சுவாரசியம். சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்க, சிக்னலுக்குக் கிடைக்கும் கெயின், அதாவது பெருக்கம், குறைந்துகொண்டே போகும்படி அந்த சர்க்யூட்டை அமைத்திருக்கிறார்கள். ஆகவே பேஸ் அவ்வளவாக டிஸ்டார்ட் ஆகாது, குழம்பாது. அடுத்து வரும் டோன் பகுதி மேலே இருக்கும் கரகரப்பை வடிகட்டிவிடும். மிஞ்சுவது நடுவில் ஒரு மேடு. இன்னொன்று, சிக்னலை வெட்டும் டயோடுகள், அதைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சில்லின் ஃபீட்பேக் பாதையில் இருக்கின்றன. அதனால் சுத்தமான சிக்னலும் கொஞ்சம் கலந்தே வெளியே வரும். கார்டு அடித்தாலும் ஒவ்வொரு தந்தியும் தனியாகக் காதில் விழுவது இதனால்தான்.

[ஒலி: டியூப் ஸ்க்ரீமர், முதலில் தனியாக, பிறகு பேண்டுடன்.]

தனியாகக் கேட்டால் மூக்கடைத்த குரல் மாதிரி இருக்கிறதா? பேண்டோடு கேட்கும்போது பளிச்சென்று முன்னால் வந்து நிற்கிறது. வீட்டில் வாசித்துப் பார்த்துவிட்டு "இது சரியில்லை" என்று இதை விற்றுவிடுகிறவர்கள் நிறையப் பேர். எந்த டிரைவ் பெடலையும் தனியாகக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஃபோனில் ஒரு டிரம்ஸ், பேஸ் டிராக்கைப் போட்டு, அதோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம்.

வீட்டில் வாசிப்பவருக்கு என் பரிந்துரை ஒரு மல்டி எஃபெக்ட்ஸ், அதாவது பல பெடல்களின் வேலையை ஒரே பெட்டியில் செய்யும் கருவி. தனித்தனிப் பெடல்கள் அழகுதான், ஆனால் அவை ஒரு ஆம்பை எதிர்பார்க்கின்றன. டிஸ்டார்ஷன் பெடலின் வெளியீட்டை நேராக ஹெட்போனுக்கோ கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்கோ கொடுத்துப் பாருங்கள்.

[ஒலி: பெடல் நேரடியாக. பிறகு கேபினெட் சிமுலேஷனுடன்.]

முதலில் கேட்ட அந்தக் காது குத்தும் சத்தத்துக்குப் பெடலைக் குறை சொல்ல முடியாது. கிட்டார் ஆம்பில் இருக்கும் 12 இன்ச் ஸ்பீக்கர், சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஹெட்போன் அதை அப்படியே காட்டிவிடும். ஆக, ஆம்ப் இல்லாத இடத்தில் எல்லாம் அந்த ஸ்பீக்கரின் வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும். அதற்குத்தான் கேபினெட் சிமுலேஷன். மல்டி எஃபெக்ட்ஸில் இது உள்ளேயே இருக்கும். பாஸ் ஜிடி-1 போன்ற சின்னப் பெட்டி தொடங்க நன்றாகவே போதும். கொஞ்சம் மேலே போனால் லைன் 6 ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப். இவை இரண்டும் யுஎஸ்பி வழியாக ரெக்கார்டிங் இன்டர்ஃபேஸாகவும் வேலை செய்யும். யுஎஸ்பி இருக்கும் எல்லாப் பெட்டியும் அப்படி இல்லை. சிலவற்றில் அது சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கு மட்டும்தான், வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஆம்பில்தான் வாசிப்பேன் என்பவர்களுக்கு பாஸ் கட்டானா போன்றவை இருக்கின்றன. 50 வாட் மாடலையே அரை வாட்டுக்கு இறக்கி வாசிக்கலாம்.

வீட்டில் வரும் இரைச்சலுக்கு ஒரு காரணம் பலருக்கும் தெரியாது: மின்விசிறி ரெகுலேட்டர். நாபை எந்த இடத்திலும் நிறுத்தி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் மின்சார அலையை வெட்டி வெட்டி அனுப்புகின்றன. தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பிக்கப்பில், சிங்கிள் காயில் வகை அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். விசிறியை நிறுத்தியதும் "ஸ்ஸ்ர்" குறைந்தால் குற்றவாளி அதுதான். டக், டக் என்று படிப்படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் மாற்றினால் சரியாகிவிடும். இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேட் பெடலுக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் மேடை. இங்கேதான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

மேடையில் சவுண்ட் நன்றாக இருப்பதை விட முதலில் முக்கியம், சவுண்ட் நின்றுபோகாமல் இருப்பது. ஆகவே பவரிலிருந்து தொடங்குவோம்.

[திரையில்: அடாப்டர் பின்னின் நெருக்கமான காட்சி, துருவக் குறியுடன்.]

பெரும்பாலான பெடல்கள் கேட்பது 9 வோல்ட் டிசி, பின்னின் நடுவில் மைனஸ். பெரும்பாலானவை என்றுதான் சொல்கிறேன், எல்லாம் இல்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் குறியைப் பார்க்காமல் சொருகாதீர்கள். வோல்ட் அதிகமானாலோ துருவம் மாறினாலோ பெடல் புகைந்துவிடலாம். ஆம்பியர் விஷயம் வேறு. பெடல் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். அடாப்டரில் கூடுதலாக இருந்தால் எந்தத் தீங்கும் இல்லை, குறைந்தால்தான் சிக்கல். டியூப் ஸ்க்ரீமர் மாதிரியான பெடலுக்கு 10 மில்லிஆம்பியர்கூடத் தேவைப்படாது. எதிரொலி தரும் பாஸ் டிடி-8 டிலேவுக்கு 65. ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப்புடன் வரும் அடாப்டரோ 3 ஆம்பியர், அதாவது 3,000 மில்லிஆம்பியர். அதைப் போய் மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்துவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே அடாப்டரிலிருந்து மாலை மாதிரி எல்லாப் பெடலுக்கும் கொடுக்கும் டெய்சி செயின், இரண்டு மூன்று அனலாக் பெடல்களுக்குப் பரவாயில்லை. அதில் ஒரு டிஜிட்டல் பெடல் சேர்ந்ததும் "கீ..." என்று மெல்லிய விசில் கேட்க ஆரம்பிக்கும். டிரைவ் பெடல் அதைப் பெரிதாக்கிக் காட்டும். ஒவ்வொரு அவுட்புட்டும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும் ஐசொலேட்டட் பவர் சப்ளைதான் தீர்வு. மூன்றாவது பெடலுக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடுங்கள் என்று தைரியமாகச் சொல்வேன். பழைய மாதிரி ஜெர்மானியம் ஃபஸ் (கரடுமுரடான டிஸ்டார்ஷன் தரும் பெடல்) வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம். அவற்றில் பலவும் பாசிட்டிவ் கிரவுண்ட், அதாவது துருவம் தலைகீழ், மற்ற பெடல்களோடு ஒரே லைனில் சேரவே சேராது.

அடுத்து கேபிள். கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபேரட் கெப்பாசிட்டன்ஸ் உண்டு. வீட்டில் 3 மீட்டர் கேபிளில் வாசிக்கிறீர்கள். மேடையில் கிட்டாரிலிருந்து பெடல்கள் அடுக்கிய போர்டுக்கு 6 மீட்டர், போர்டிலிருந்து ஆம்புக்கு இன்னொரு 6 மீட்டர். பெடல்கள் எல்லாம் ட்ரூ பைபாஸாக (ஆஃபில் சிக்னலை எதுவும் செய்யாமல் கடத்திவிடும் வகை) இருந்து, எல்லாமே ஆஃபில் இருந்தால் அந்த 12 மீட்டரின் பாரமும் பிக்கப் தலையில்தான். ட்ரெபிள் போர்வை போர்த்திய மாதிரி அடங்கிவிடும். போர்டின் தொடக்கத்தில், நீளமான கேபிளின் பாரத்தைத் தாங்கும்படி சிக்னலை வலுப்படுத்தும் ஒரே ஒரு பஃபர் இருந்தால் போதும். பாஸ் நிறுவனத்தின் சிறு பெடல்களில், உதாரணமாக டியூ-3 டியூனரில், பஃபர் உள்ளேயே இருக்கிறது. ஃபஸ் ஃபேஸ் மாதிரியான பெடலை மட்டும் அந்த பஃபருக்கு முன்னால் வையுங்கள். அது பிக்கப்போடு நேரடியாகப் பேச வேண்டிய பெடல். நடுவில் பஃபர் வந்தால் சத்தம் கூர்மையாகி, கிட்டார் வால்யூமைக் குறைத்து கிளீன் ஆக்கும் அந்த அழகும் போய்விடும்.

மற்றபடி வரிசை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: டியூனர், வா, கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது), டிரைவ், கோரஸ், டிலே, ரிவெர்ப் (அறையின் முழக்கத்தைச் சேர்ப்பது). ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சோலோவுக்கு, வால்யூமைக் கூட்டும் பூஸ்ட் பெடல் வைப்பவர்கள் அதை டிரைவுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் டிஸ்டார்ஷன்தான் கூடும், வால்யூம் கூடாது.

நம் ஊர் மேடைகளுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. லைட் மியூசிக் கச்சேரி, சர்ச், கல்லூரி விழா, பல இடங்களில் கிட்டாருக்கு ஆம்பே கிடையாது. கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பாக்ஸ், அங்கிருந்து நேராக மிக்சர். ஆக ஹெட்போனுக்குச் சொன்னதே இங்கேயும் பொருந்தும், போர்டின் கடைசியில் கேபினெட் சிமுலேஷன் இல்லாமல் போகாதீர்கள். அதோடு, லைட் மியூசிக்கில் ஒரு பாட்டுக்கு வா-வா ரிதம், அடுத்ததுக்கு கோரஸ் போட்ட கிளீன், அதற்கடுத்து அக்கூஸ்டிக், உடனே ஒரு லீட். இடையில் நான்கு பெடலை மிதித்து மாற்ற நேரமிருக்காது. ஒரு மிதியில் எல்லாம் மாறும் ப்ரீசெட் வசதிக்காகவே இந்த மேடைக்கு மல்டி எஃபெக்ட்ஸ்தான் சரியான கருவி. ப்ரீசெட்களின் வால்யூமை மட்டும் ஒத்திகையில், உரத்த சத்தத்தில் சரிசெய்யுங்கள். ரிவெர்பை வீட்டில் வைத்ததில் பாதியாகக் குறையுங்கள், மண்டபமே மீதியைப் போட்டுவிடும். ஸ்டீரியோ கோரஸும் இங்கே வேண்டாம். பல மேடைகளில் ஸ்பீக்கர் மோனோதான், இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்தால் சத்தம் மெலிந்துபோகலாம்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஹம் வருகிறது என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை யாராவது பிடுங்கச் சொன்னால் கேட்காதீர்கள். டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது, அதைத் தட்டிப் பாருங்கள். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் எர்த் சரியில்லை என்றால், தந்தியில் கை, மைக்கில் உதடு, சுரீர் என்று ஷாக் அடிக்கும். உயிருக்கே ஆபத்து. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைத் தந்தியிலும் இன்னொன்றை மைக்கின் வலையிலும் தொட்டுப் பாருங்கள். மின்னழுத்தம் காட்டினால் எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை கிட்டாரைத் தொடாதீர்கள்.

கடைசியாக ஸ்டுடியோ.

[திரையில்: இன்டர்ஃபேஸ், அதன் இன்ஸ்ட்ருமென்ட் பட்டன்.]

இங்கே பெரிய போர்டு தேவையே இல்லை. ஒரு டேக்குக்கு எது வேண்டுமோ அந்தப் பெடலை மட்டும் இணைத்தால் போதும். மேடையில் கேட்காத இரைச்சல் இங்கே துல்லியமாகக் கேட்கும். கம்ப்ரஸருக்குப் பின்னால் டிஸ்டார்ஷன் வந்தால் அது இரட்டிப்பாகும். டிரைவ் பெடலை 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அடாப்டர் வழியாக வரும் ஹம் அங்கேயே நின்றுவிடும்.

எதைப் பதிவோடு சேர்ப்பது, எதைப் பிறகு போடுவது? உங்கள் விரலின் வாசிப்பையே மாற்றும் பெடல்களைச் சேர்த்தே பதியுங்கள். டிரைவ், வா, கம்ப்ரஸர் இந்த வகை. அவை இல்லாமல் வாசித்தால் வாசிப்பே வேறாகிவிடும். ரிவெர்பை மிக்ஸிங்கில் போட்டுக்கொள்ளலாம். டிலே பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் ரிதமே அந்த எதிரொலியை நம்பி அமைந்திருந்தால் சேர்த்துப் பதியுங்கள். நிமிடத்துக்கு 120 பீட் போகும் பாட்டில் டிலேவை 375 மில்லிசெகண்டில் வைத்து, எதிரொலிக்கு இடம் விட்டு வாசிக்கும் பேட்டர்ன் அப்படிப்பட்டது. கெயினை மேடையில் வைப்பதை விடக் குறையுங்கள். ஒரே ரிதமை இரண்டு முறை வாசித்து இடமும் வலமும் வைக்கும்போது டிஸ்டார்ஷன் தானாகவே தடிமனாகிவிடும்.

பெடலோடு பதியும்போதே பெடல் இல்லாத சுத்தமான சிக்னலையும் தனி டிராக்கில் பிடித்து வையுங்கள். இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் பட்டனைப் போடாமல் லைன் இன்புட்டில் கொடுத்தால் ட்ரெபிள் போய்விடும், கவனம். பிறகு சவுண்ட் பிடிக்காவிட்டால் அந்த டிராக்கை ரீஆம்ப் பாக்ஸ் வழியாக வேறு பெடலுக்கு அனுப்பி மறுபடி பதியலாம். வாசித்தது அப்படியே இருக்கும், சவுண்ட் மட்டும் மாறும்.

டேக் முடிந்ததும் பெடல் நாப்களை ஒரு ஃபோட்டோ எடுத்து அந்தப் பாட்டின் ஃபோல்டரிலேயே போடுங்கள். இரண்டு மாதம் கழித்து, நடுவில் ஒரே ஒரு வரியை மட்டும் மறுபடி வாசித்துத் தரச் சொல்லி ஃபோன் வரும்.