காணிக்கை எண்ணும் மேசையும் கவர்ப் பணமும்: சிங்கப்பூர்ச் சபைகள் ஊழலை எதிர்ப்பது எங்கே?

(திரையில்: ஒரு மேசை. சிவப்பு வெல்வெட் காணிக்கைப் பை கவிழ்க்கப்படுகிறது. 2 வெள்ளி நோட்டுகள், சில்லறை, தசமபாகக் கவர்கள், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைப் போட்டுத் தரும் கவர்கள்.)

ஆராதனை முடிந்தது. சபையார் கீழே டீ குடிக்கப் போய்விட்டார்கள். மாடியில் இந்த மேசையைச் சுற்றி மூன்று பேர். கிறிஸ்தவ சபை சமுதாயத்தில் ஊழலை எப்படி எதிர்க்கிறது என்று கேட்டால் எல்லோரும் பிரசங்க மேடையைத்தான் பார்ப்பார்கள். நாம் இந்த மேசையிலிருந்து தொடங்குவோம். இந்த மேசை நேராக இல்லாவிட்டால் அந்த மேடைக்கு மதிப்பில்லை.

முதலில் சிங்கப்பூர் நிலவரம். டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் வெளியிடும் ஊழல் கண்ணோட்டக் குறியீட்டில் 2024இல் சிங்கப்பூருக்கு 100க்கு 84 புள்ளி, உலக அளவில் மூன்றாம் இடம். லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு 1952இலிருந்து இயங்குகிறது. லஞ்ச ஒழிப்புச் சட்டம் 1960இல் வந்தது. “அப்புறம் சபைக்கு இங்கே என்ன வேலை?” என்று கேட்கலாம். அந்தப் பிரிவு பதிவு செய்யும் வழக்குகளில் பெரும்பங்கு தனியார் துறையைச் சேர்ந்தவை. அமைச்சர்களும் உயரதிகாரிகளும் மட்டுமல்ல, கிடங்கு சூப்பர்வைசர், கொள்முதல் அலுவலர், குத்தகைக்காரர் ஆகியோரும் அதில் வருவார்கள். அதாவது ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள்.

வெளிநாடுகளில் சபைகள் வேறு மாதிரி இறங்கியிருக்கின்றன. 1986இல் பிலிப்பீன்ஸின் கார்டினல் ஜெய்மி சின் வானொலி வழியாக மக்களை எட்சா சாலைக்கு அழைத்தார். அதிபர் மார்க்கோஸின் ஆட்சி வீழ்ந்தது. 2024 நவம்பரில் கென்யாவின் நைரோபி கத்தோலிக்கப் பேராயம், அதிபர் ரூட்டோ ஓர் ஆலயத்துக்குக் கொடுத்த நன்கொடையை ஏற்க மறுத்தது. அரசியல்வாதியின் காசு பீடத்தருகே வந்தால் போதகரின் வாய் அடைபடும் என்ற கவலை அதற்குப் பின்னால் இருந்தது.

சிங்கப்பூரில் அந்தப் பாதை கிடையாது. 1990இல் இயற்றப்பட்ட சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் சமயத்தையும் அரசியலையும் கலக்கவிடாது. அதே சட்டத்தின் 2019 திருத்தம் 2022 நவம்பரில் நடப்புக்கு வந்தது. அதன்படி 10,000 வெள்ளியும் அதற்கு மேலும் வரும் வெளிநாட்டு நன்கொடைகளைச் சமய அமைப்புகள் தெரிவிக்க வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். ஆகவே இங்குள்ள சபைக்கு மிஞ்சுவது இரண்டு வேலை. ஒன்று, தன் வீட்டைச் சுத்தமாக வைப்பது. இன்னொன்று, தன் ஆட்களைத் திங்கட்கிழமைக்கு, அதாவது வேலையிடத்துக்கு, தயார் செய்வது. சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம்.

(திரையில்: மேசைக்குத் திரும்புகிறோம்.)

எண்ணுவது எப்படி? குறைந்தது இரண்டு பேர், முடிந்தால் மூன்று. கணவன் மனைவி, அப்பா மகன், மாமன் மருமகன் ஒரே குழுவில் கூடாது. வாராவாரம் ஆட்கள் மாற வேண்டும். அறைக் கதவு திறந்திருக்கட்டும், அல்லது கண்ணாடிக் கதவாக இருக்கட்டும். தசமபாகக் கவரின் மேல் எழுதிய தொகையும் உள்ளே இருக்கும் தொகையும் ஒன்றா என்று முதலில் பார்க்க வேண்டும். வேறுபட்டால் கவரிலேயே குறித்து இருவர் கையெழுத்து போட வேண்டும். கவரை உடனே குப்பையில் போடக் கூடாது. பிறகு நோட்டுகளை 2, 5, 10, 50, 100 எனப் பிரித்து ஒருவர் எண்ண, இன்னொருவர் அவர் எழுதியதைப் பார்க்காமல் மறுபடி எண்ண வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் எண்ணிக்கைத் தாளில் பேனாவால் எழுதலாம். பென்சில் வேண்டாம்.

அடுத்துதான் பெரும்பாலான சபைகள் வழுக்கும் இடம். எண்ணி முடித்ததும் யாராவது வருவார், “பேச்சாளருக்கு டாக்ஸி காசு 25 வெள்ளி கொடுங்க, பிறகு கணக்கு பார்த்துக்கலாம்” என்பார். கொடுக்கவே கூடாது. வந்த காணிக்கை முழுசாக வங்கிக்குப் போக வேண்டும். செலவு தனியாக, ரசீதோடு, சில்லறைச் செலவுக் கணக்கிலிருந்து வர வேண்டும். வரவிலிருந்தே செலவழித்தால் வங்கி ரசீதும் எண்ணிக்கைத் தாளும் இனி ஒருபோதும் பொருந்தாது. பொருந்தாத நிலை வழக்கமாகிவிட்டால், நாளைக்கு உண்மையிலேயே 500 வெள்ளி காணாமல் போனாலும் யாருக்கும் உறைக்காது.

பணம் எண்ணிட்ட முத்திரைப் பையில் அன்றோ மறுநாளோ வங்கிக்குப் போக வேண்டும். மாதம் ஒரு முறை, எண்ணாத, வங்கிக்குப் போகாத மூன்றாம் ஆள் ஒருவர் எண்ணிக்கைத் தாள்களையும் வங்கிக் கணக்கையும் வரிசையாக ஒத்துப் பார்க்க வேண்டும். இப்போது காணிக்கை பேநவ் என்ற மின்பணப் பரிமாற்றம் வழியாகவும் வருகிறது. சுவரில் ஒட்டிய கியூஆர் குறியீட்டின் மேல் வேறு குறியீடு ஒட்டப்பட்டிருக்கிறதா என்று வாரம் ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள். இணைய வங்கியில் பணம் அனுப்பப் பதிவு செய்பவர் ஒருவர், அதை அங்கீகரிப்பவர் இன்னொருவர். இருவரும் வங்கிக் கணக்குக்குள் நுழையப் பயன்படுத்தும் டோக்கன் கருவிகள் இரண்டும் பொருளாளரின் ஒரே மேசை டிராயரில் கிடப்பதுண்டு. அப்படிக் கிடந்தால் இரட்டைக் கையொப்பம் என்பது வெறும் பேச்சு.

“எங்க அங்கிள் இருபது வருஷமா எண்ணுறார், தங்கமான மனுஷன்” என்று சொல்லாத சபை இல்லை. அவர் தங்கமாகவே இருக்கட்டும். ஒருநாள் தொகை குறைந்தால் முதல் சந்தேகம் அவர் மேல்தான் விழும், அதைத் துடைக்க அவரிடம் ஒரு தாளும் இருக்காது. இந்தக் கட்டுப்பாடு அவரையும் காப்பாற்றுகிறது. பவுல் இதைத்தான் செய்தார்: எருசலேமுக்குக் கொண்டுபோன தர்மப் பணத்தின் விஷயத்தில் யாரும் குற்றம் சொல்லாதபடி கூடவே ஆட்களை அனுப்பியதாக 2 கொரிந்தியர் 8இல் எழுதுகிறார். அதற்கும் முன்னால், யோவாஸ் அரசன் காலத்தில், ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துளையிட்டு வைத்தான். பணம் பெருகியதும் ராஜாவின் சம்பிரதியும் (கணக்கரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணினார்கள். இரண்டு அலுவலகம், ஒரே எண்ணிக்கை. 2 இராஜாக்கள் 12இல் பார்க்கலாம். அதே அதிகாரத்தின் 15ஆம் வசனம், வேலையாட்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் உண்மையாய் நடந்ததால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்கிறது. கணக்குக் கேட்டால் முகம் சுளிப்பவர்கள் இந்த வசனத்தை மட்டும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஐந்து வசனம் முன்னால் போனால் இரண்டு பேர் எண்ணிக்கொண்டிருப்பது தெரியும்.

சட்டம் என்ன கேட்கிறது? சபை அறநிறுவனமாகப் பதிவு பெற்றிருந்தால் அறநிறுவன ஆணையரிடம் ஆண்டறிக்கையும் கணக்கும், நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள். ஆண்டு வரவோ செலவோ 5 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் பதிவுபெற்ற பொதுக் கணக்காய்வாளர் தணிக்கை செய்ய வேண்டும். கணக்கு ஆவணங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அறநிறுவன நிர்வாக வழிகாட்டி நெறி பொருளாளர் ஒருவர் தொடர்ந்து 4 ஆண்டுக்கு மேல் அந்தப் பொறுப்பில் இருக்கக் கூடாது என்கிறது. நம் தமிழ்ச் சபைகளில் அதிகம் முணுமுணுப்பு வருவது இந்த விதிக்குத்தான், ஏனென்றால் கணக்கு தெரிந்த இரண்டாம் ஆளை யாரும் வளர்த்து வைத்திருப்பதில்லை.

(திரையில்: நாளிதழ்த் தலைப்புகள், மங்கலாக.)

தணிக்கையும் செயற்குழுவும் இருந்தாலே போதுமா? சிட்டி ஹார்வெஸ்ட் சபை வழக்கு போதாது என்கிறது. சபையின் கட்டட நிதியிலிருந்து 2 கோடியே 40 லட்சம் வெள்ளி போலிப் பத்திர முதலீடாக வெளியே போனது. போதகரின் மனைவியின் இசைப் பயணத்துக்கு அது செலவானது. அதை மறைக்க மேலும் 2 கோடியே 60 லட்சம் சுற்றிவிடப்பட்டது. 2015 அக்டோபரில் 6 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு. 2017இல் உயர் நீதிமன்றம் தண்டனைகளைக் குறைத்தது, நிறுவனர் கொங் ஹீக்கு 8 ஆண்டு மூன்றரை ஆண்டானது. சபை இயக்குநர்கள், நம்பிக்கை மோசடிக்குக் கடுமையான தண்டனை தரும் தண்டனைச் சட்டத்தின் 409ஆம் பிரிவில் சொல்லப்படும் “முகவர்” ஆக மாட்டார்கள் என்பது காரணம். 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. பிறகு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2020 ஜனவரி முதல் அமைப்புகளின் இயக்குநர்களும் முக்கிய நிர்வாகிகளும் அந்தக் கடுமையான பிரிவுக்குள் வருகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. இவர்கள் சொந்த லாபத்துக்காகப் பணத்தை எடுத்தார்கள் என்பதற்குச் சான்றில்லை என்பதை நீதிமன்றமே ஏற்றது. “ஊழியத்துக்காகத்தானே” என்ற சமாதானம் அப்படித்தான் பிறக்கிறது. கட்டட நிதிக்கென்று கொடுத்த பணம் கட்டடத்துக்கு மட்டும்தான். நல்ல நோக்கம் அதைத் திறக்கும் சாவி ஆகாது. இரண்டாவது, 2003லேயே ஒரு சபை உறுப்பினர் இதே செலவைப் பற்றி வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். முடிவில் அவரே நாளிதழ்களில் மன்னிப்பு விளம்பரம் போட நேர்ந்தது. அதிகாரிகள் சோதனைக்கு வந்தது 2010இல். இடையில் போன ஏழு வருடத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு சபைக்கும் போதகரையோ பொருளாளரையோ தொடாமல் நேரே தணிக்கைக் குழுவுக்கோ வெளி ஆளுக்கோ போகும் ஒரு புகார் வழி வேண்டும். அறிவிப்புப் பலகையில் அதன் மின்னஞ்சல் முகவரியை ஒட்டி வையுங்கள். அதைப் படிக்கும் அதிகாரம் போதகருக்கு இருக்கக் கூடாது.

(திரையில்: ஞாயிறு மாலை, ஆலய வாசலில் வெளிநாட்டு ஊழியர்கள்.)

இனி திங்கட்கிழமை. பழைய தமிழ் வேதாகமம் லஞ்சத்துக்குச் சொல்லும் வார்த்தை ‘பரிதானம்’. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது புரியாது, ஞாயிறு பள்ளியில் ‘லஞ்சம்’ என்றே சொல்லிக்கொடுக்கலாம். யாத்திராகமம் 23இல் பரிதானம் பார்வையுள்ளவர்களையும் குருடாக்கும் என்று வருகிறது. வேலையிடத்தில் அது பெரிய பெட்டியில் வராது. கொள்கலன் கிடங்கில் லாரி ஓட்டுநர்களிடம் ஒரு முறைக்கு 1 வெள்ளி என்று வாங்கிய பாரந்தூக்கி ஓட்டுநர் மீது இங்கே வழக்குத் தொடரப்பட்டிருக்கிறது. தொகை சிறியது என்பது தப்பிக்க உதவாது. “இந்தத் தொழிலில் இது வழக்கம்” என்ற சாக்கையும் லஞ்ச ஒழிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ஏற்காது. தண்டனை 1 லட்சம் வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. அரசாங்கக் குத்தகை சம்பந்தப்பட்டால் 7 ஆண்டு வரை. கொடுத்தவரும் வாங்கியவரும் குற்றவாளிகள்.

அதே சட்டத்தின் 37ஆம் பிரிவை நம் ஆட்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர்க் குடிமகன் வெளிநாட்டில் லஞ்சம் கொடுத்தாலும் இங்கே செய்ததாகவே கருதப்படும். ஊரில் பத்திரப் பதிவுக்குக் கவர் கொடுத்துவிட்டு வந்து அதை ஜெபக் கூட்டத்தில் சாட்சியாகச் சொல்பவர்களும் உண்டு!

சபைக்கு அதிகம் வரும் இன்னொரு விஷயம் பெர்மிட் காசு, அதாவது வேலை அனுமதிக்காக ஊழியரிடம் கேட்கப்படும் பணம். ஒரு ஊழியர் வந்து, “பெர்மிட் புதுப்பிக்க சூப்பர்வைசர் 1,500 வெள்ளி கேட்கிறார், அண்ணே” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு ஊழியர் வேலை நியமனச் சட்டத்தின் 22ஏ பிரிவு குறிவைப்பது அப்படிக் கேட்பவரையும் வாங்குபவரையும்: 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

பாஸ்டர் செய்யக் கூடாதது முதலில். சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசக் கூடாது. அவரும் அதே சபை உறுப்பினராக இருந்தால் இந்தத் தூண்டுதல் இன்னும் அதிகம். பேசிய மறுநாளே வாட்ஸ்அப் செய்திகள் அழியும், சாட்சிகள் பின்வாங்குவார்கள், ஊழியர் ஊருக்கு அனுப்பப்படலாம்.

செய்ய வேண்டியது: அவர் பேசும்போதே உட்காரவைத்து எழுதுங்கள். எந்தத் தேதி, எந்த இடம், யார் கேட்டது, எதற்காக, எவ்வளவு, கையிலா பேநவ்விலா, பக்கத்தில் யார் இருந்தார்கள். அவர் தமிழிலேயே சொல்லட்டும், அவர் வார்த்தைகளை நீங்கள் திருத்த வேண்டாம். பணம் அனுப்பிய திரைப்பிடிப்பு இருந்தால் இரண்டாவது கைப்பேசியில் நகல். சம்பளச் சீட்டு, பெர்மிட் அட்டையின் இரு பக்கமும் படம். பிறகு மனிதவள அமைச்சிடமோ லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவிடமோ போகலாம், துணைக்கு ஆள் அனுப்புங்கள். வெளிநாட்டு ஊழியர் நிலையமும் உதவும். பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். பெயரோடு வந்தால் அதிகாரி திரும்பக் கேள்வி கேட்க முடியும், வழக்கு நகரும். லஞ்சப் புகார் என்றால் லஞ்ச ஒழிப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவு தகவல் தருபவரின் அடையாளத்தைக் காக்கிறது. தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் 10,000 வெள்ளி வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ அல்லது இரண்டுமோ உண்டு. அதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

லஞ்சம் வாங்கியவரே மனம் உடைந்து வந்தால்? கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் சடங்கில்) கேட்டதை குரு வெளியே சொல்ல முடியாது. ஆனாலும் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய் (நாலு மடங்காய்) திருப்பித் தருவதாகச் சொன்னதற்கு அப்புறம்தான் இயேசு அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாகச் சொன்னார். மற்றச் சபைகளில் போதகர் அறைப் பேச்சுக்கு அந்த ரகசிய முத்திரை கிடையாது, பேச்சின் தொடக்கத்திலேயே அதைச் சொல்லிவிடுவது நேர்மை.

கடைசியாக ஊர்ப் பணம். தமிழ்நாட்டில் ஊழியத்துக்குப் பணம் அனுப்பும் சபைகள் நிறைய. அங்குள்ள போதகரின் சொந்த வங்கிக் கணக்குக்கு ஊழியப் பணத்தை அனுப்புவது அவரை வம்பில் மாட்டிவிடும். இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010இல் வந்தது, 2020இல் இறுக்கப்பட்டது. பதிவு பெற்ற அமைப்பு, புது டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் இதற்கென்று திறந்த கணக்கில் மட்டுமே அதைப் பெற முடியும். அனுப்புமுன் பதிவு எண்ணும் அது காலாவதியாகும் தேதியும் கேளுங்கள். பணம் போன பிறகு கிணறு, கூரை, படம் என்று வாட்ஸ்அப்பில் வருபவை ரசீது ஆகா. கட்டிய கொத்தனாரின் பில், தணிக்கை செய்த கணக்கு, இந்த இரண்டும் வராமல் அடுத்த தவணையை அனுப்ப வேண்டாம்.