அரிக்கேன் வெளிச்சத்தில் தெரிந்தது

நேயர்களுக்கு வணக்கம். குழந்தையின் கண்மணியில் வெள்ளையாக ஏதாவது மின்னினால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். நான் பேச வந்ததே இதற்காகத்தான். நடுவிலும் இதையே திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு நம் பக்கம் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம் என்பது உங்களுக்கே தெரியும். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி, அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு ஒன்றரை வயதுப் பேரனுக்குச் சோறு ஊட்டியிருக்கிறார். பிள்ளை திரும்பும்போது இடது கண் பூனைக்கண் போல மின்னியது. மறுநாள் பகலில் அக்கம்பக்கத்தார் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். வெயிலில் கண்மணி சுருங்கிவிடும். மங்கலான வெளிச்சத்தில்தான் விரிந்து உள்ளே இருப்பதைக் காட்டும். ஒருவர், பூ விழுந்திருக்கிறது, நந்தியாவட்டைச் சாறு விடுங்கள் என்றாராம். பாட்டி கேட்கவில்லை. தென்னையெல்லாம் சாய்ந்து, கையில் காசில்லாத நேரத்தில், மருமகளையும் பேரனையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறி, கண் மருத்துவரான என்னிடம் வந்துவிட்டார்.

விழித்திரைப் புற்றுநோய். கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும், பார்வை தரும் படலத்தில் வரும் கட்டி. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரங்கள் வேண்டியதில்லை. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து, உள்ளே பார்க்கும் கருவி, ஒரு ஸ்கேன், பழகிய கண். ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்ப்பதும் கிடையாது. குத்தினால் நோய் வெளியே பரவக்கூடும்.

கட்டி கண்ணை நிறைத்திருந்தது. கண்ணை எடுத்துவிட வேண்டும் என்றேன். தகப்பனார் அறுவடை முடியட்டும் என்றார். அப்போது பாட்டி மகனிடம் சொன்னதை நான் மறக்கவில்லை: “ஒரு போகம் போனால் மறு போகம் இருக்கிறது. பிள்ளையை என்னடா செய்வாய்?”

எடுத்தோம். கட்டி கண்ணுக்குள்ளேயே நின்றிருந்தது. அவன் இன்று செயற்கைக் கண்ணோடு பள்ளிக்கூடம் போகிறான்.

மறுத்துவிட்டுப் போன குடும்பமும் உண்டு. ஆறு மாதம் கழித்து, கண் பிதுங்கிய பிறகு வந்தார்கள். நோய் பார்வை நரம்பு வழியே மூளைக்குப் போய்விட்டிருந்தது. அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை.

ஏறக்குறைய 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் நோய் இது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். சீக்கிரம் வந்தால் லேசர், உறைய வைக்கும் சிகிச்சை, மருந்து என்று கண்ணையே காப்பாற்றப் பார்க்கலாம். மருந்தை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் மதுரைக்கோ சென்னைக்கோ போய்வர நடவுக் கூலி போய்விடுகிறது, பாதியில் நின்றுவிடுகிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பற்றி மருத்துவமனையிலேயே கேளுங்கள், நின்றுவிடாதீர்கள்.

மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடாதீர்கள். அதுவும் இந்நோயின் அறிகுறியாக இருக்கலாம். புதன்கிழமை தடுப்பூசிக்குப் போகும்போது செவிலியரிடம் கண்ணைப் பற்றியும் சொல்லுங்கள். வெள்ளையாக மின்னினால், மறுபடியும் சொல்கிறேன், அன்றைக்கே.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். இந்நோய் சில குடும்பங்களில் வழிவழியாக வரும். ஒரு பிள்ளைக்கு வந்திருந்தால் உடன்பிறந்தவர்களின் கண்களையும், பெற்றோரின் கண்களையும் பரிசோதிக்க வேண்டும். கைக்குழந்தையாக இருந்தாலும் தூக்கிக்கொண்டு வாருங்கள். வணக்கம்.