தடையில் ஓட்டிய கார்

வணக்கம் நேயர்களே. நான் லண்டனில் குடிவரவுத் தீர்ப்பாய விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளர். வழக்கறிஞன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொலை, கொள்ளை செய்தவரைத்தான் நாடுகடத்துவார்கள் என்று நம்மில் பலருக்கு நினைப்பு. கார் ஓட்டியே அந்த இடத்துக்குப் போனவர்களும் உண்டு. போக்குவரத்துக் குற்றங்களுக்கு லைசென்ஸில் ஏறும் தண்டனைப் பாயிண்ட், மூன்று வருடத்துக்குள் 12 சேர்ந்தால் பெரும்பாலும் ஆறு மாதம் கார் ஓட்டத் தடை. "கடைக்குத்தானே போகிறேன்" என்று ஒருவர் தடைக்காலத்திலேயே சாவியை எடுக்கிறார். மாட்டினால் ஆறு மாதம் வரை சிறை. வெளியே வந்து மறுபடியும் எடுக்கிறார்.

ஒரே தண்டனையாக 12 மாதம் சிறை கிடைத்தால், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, சில விலக்குகள் தவிர, நாடுகடத்தும் நடவடிக்கை தானாகவே தொடங்கும். குட்டித் தண்டனைகளைக் கூட்டி 12 ஆக்க முடியாது. அதைக் கேட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர் என்று, நாடுகடத்தலுக்கு இன்னொரு வகை இருக்கிறது. அதற்கு மாதக் கணக்கே கிடையாது. திரும்பவும் சொல்கிறேன், மாதக் கணக்கே கிடையாது.

அப்புறம் மேல்முறையீட்டில் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவு, அதாவது குடும்ப வாழ்க்கை, வரும். பிரிட்டிஷ் பிள்ளையோ, இங்கே ஏழு வருடம் தொடர்ந்து இருந்த பிள்ளையோ இருந்தால், தகப்பனை அனுப்புவது அந்தப் பிள்ளைக்கு அளவுக்கு மீறிய கொடுமையா என்று பார்ப்பார்கள். பிரிவின் வருத்தம் மட்டும் போதாது.

ஒரு விசாரணை, அடையாளம் மாற்றிச் சொல்கிறேன். சாட்சி சொல்ல மனைவி வந்திருந்தார். உள்துறைத் தரப்பு அதிகாரி மெதுவாகத்தான் கேட்டார்: "பிள்ளைகளைப் பள்ளிக்கு யார் கூட்டிப்போகிறார்?"

"அவர்தான் ஐயா. மழையோ பனியோ, வாசலிலேயே இறக்கிவிடுவார்."

"எதில்?"

"காரில்தான்."

அதிகாரி தடை உத்தரவு இருந்த பக்கத்தை எடுத்து, தேதியைப் பார்க்கச் சொன்னார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய, கேட்டதை அப்படியே சொல்வதுதான் என் வேலை. நல்ல தகப்பன் என்று காட்டச் சொன்ன அதே பதில், மனுஷன் இன்னும் திருந்தவில்லை என்பதற்கும் சாட்சியாகிவிட்டது. தீர்ப்பு தபாலில் போகும், முடிவு எங்கள் காதுக்கு வராது.

பள்ளியிலிருந்து ஒரு கடிதமாவது கொண்டுவந்திருக்கலாம். வேறு பிள்ளைகளோடு ஒப்பிடாமல், இந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்றுதான் பார்க்க வேண்டும் என 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மருத்துவர், ஆசிரியர், சமூகப் பணியாளர் எழுதித் தருவதற்கு அங்கே மதிப்பு உண்டு. பிள்ளைகள் அழுவார்கள் என்று மட்டும் சொன்னால், எல்லாப் பிள்ளையும்தான் அழும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் ஆயிற்றாம். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிருந்தே மேல்முறையீடு செய்வதென்றால் உள்துறையின் முடிவு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 14 நாள்தான், கடிதத்தை மேசையில் போட்டு வைக்காதீர்கள். இந்த வகை வழக்குக்கு 2013 முதல் அரசின் சட்ட உதவி சாதாரணமாகக் கிடைக்காது. விதிவிலக்கு நிதி என்று ஒன்று இருக்கிறது, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பதிவு பெற்ற ஆலோசகரிடம் கேளுங்கள். வணக்கம்.