வெஸ் மான்ட்கமரியின் கட்டைவிரல்

வணக்கம். இன்று நான் பேசவிருப்பது, எனக்கு மிகவும் பிடித்த ஜாஸ் கிதார் கலைஞர் வெஸ் மான்ட்கமரியைப் பற்றி. 1923இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்த அவர், மணமான புதிதில், முன்னோடி ஜாஸ் கிதார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டே கிதார் பழகினார். இசைக்குறிப்புகளைப் பார்த்து வாசிக்க அவர் கற்றதில்லை. காதுதான் அவருக்கு ஆசான்.

பகலில் தொழிற்சாலை, இரவில் கிளப் என்று உழைத்தவர் அவர். வீட்டில் பழகும்போது பிறருக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாதென்று, தந்தியை மீட்டும் சிறு தகடான பிக்கை ஒதுக்கிவிட்டுக் கட்டைவிரலின் சதையால் மெதுவாக மீட்டத் தொடங்கினார். அந்த உருண்டு திரண்ட நாதமே பிறகு அவருடைய அடையாளமாயிற்று.

ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயிகளில் ஒருசேர ஒலிக்கும் அவருடைய ஆக்டேவ் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆட்காட்டி விரல் ஆறாவது தந்தியில் ஒரு சுரத்தை அழுத்த, இன்னொரு விரல் நான்காவது தந்தியில் இரண்டு கட்டை (ஃப்ரெட்) தள்ளி அதே சுரத்தை மேல் ஸ்தாயியில் பிடிக்கிறது; நடுவிலுள்ள ஐந்தாவது தந்தி ஒலிக்காதபடி ஆட்காட்டி விரலின் சதையே அதைத் தொட்டு அடக்கிவிடுகிறது. ஒரு சுரத்துக்கே இவ்வளவு வேலை இருக்க, அவர் முழு மெட்டுகளையே இப்படிப் பாயும் வேகத்தில் வாசித்தார்.

1959இல் அவர் வாசிப்பைக் கேட்டு அசந்துபோன சாக்ஸஃபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லிதான், அவரை ரிவர்சைட் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பரிந்துரைத்தார். அதன் பிறகே உலகம் அவரை அறிந்தது.

மனோதர்மம், அதாவது அந்தக் கணத்தில் கற்பனையாக வாசிப்பது என்பதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்கு, 1965இல் நியூயார்க்கின் ஹாஃப் நோட் கிளப்பில் பியானோ கலைஞர் விண்டன் கெல்லியின் குழுவினருடன் வாசித்த 'நோ ப்ளூஸ்' பதிவே எனக்குப் போதுமான சான்று. ப்ளூஸ் இசையின் பன்னிரண்டு பார் (தாள அளவு) கொண்ட சுற்று மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் தனிச் சுரங்கள், அடுத்து ஆக்டேவ்கள், பிறகு கார்டுகள் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பவை) என்று, கையிலுள்ளதையெல்லாம் தொடக்கத்திலேயே கொட்டிவிடாமல், முந்தைய சுற்று சொன்னதை ஏற்றுக்கொண்டே அடுத்த சுற்றை அவர் எழுப்புகிறார். இந்தப் பொறுமையைத்தான் நான் அவருடைய இசைத் தத்துவம் என்பேன்.

கடைசி ஆண்டுகளில் அவர் வெளியிட்ட பாப் பாடல் ஆல்பங்கள் நன்றாக விற்றன, ஜாஸ் விமர்சகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. அவற்றில் அவருக்கு விரிந்து வாசிக்க இடமில்லை என்பது உண்மை. ஆனால் அந்த நாதம் அங்கும் குறையவில்லை. 1968இல், 45 வயதில், மாரடைப்பால் அவர் காலமானார்.

புதிதாகக் கேட்பவர்கள் 'நோ ப்ளூஸ்' பதிவிலிருந்தே தொடங்குங்கள். ஆக்டேவ்கள் எந்தச் சுற்றில் நுழைகின்றன என்பதைக் கவனித்துக் கீழே எழுதுங்கள்.