ஊட்டிக்கு எத்தனை வண்டி போகலாம்?

வணக்கம் நேயர்களே.

தனிமனித சுதந்திரம், சுற்றுச்சூழல், பொருளாதார வளர்ச்சி, இந்த மூன்றையும் ஓர் அரசு தன் கொள்கையில் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. பொதுப்படையாகப் பேச ஆரம்பித்தால், மூன்றும் முக்கியம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். அதனால் யாருக்கும் பயன் இல்லை. எனவே நம்மில் பலருக்குத் தெரிந்த ஒரு பாதையை எடுத்துக்கொள்கிறேன்: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலைப்பாதை.

2024 ஏப்ரல் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ், அதாவது இணையத்தில் பதிவு செய்து வாங்கும் அனுமதி, எடுத்துத்தான் வரவேண்டும். நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு இது: சீசனில் நீலகிரிக்குள் ஒரு நாளைக்குச் சுமார் 20,000 வண்டிகள் வருகின்றன. அதில் கார் மட்டும் 11,500. இருசக்கர வண்டிகள் 6,500. பஸ்கள் 600. இந்தக் கடைசி எண்ணை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

முதல் ஆண்டில் கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ் கிடைத்தது. யார் வருகிறார்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுவதற்கான ஏற்பாடுதான் அது. 2025-ல் வரம்பு வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் கடைசி வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசு பஸ்களுக்கும் விளைபொருள் ஏற்றும் வண்டிகளுக்கும் விலக்கு உண்டு. ஏப்ரல் 2 அன்று நீலகிரி வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள்.

சுற்றுலாப் பயணியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். "என் வண்டி, என் பெட்ரோல், என் நாடு. நான் ஊட்டிக்குப் போக யாரிடம் அனுமதி வாங்கவேண்டும்?" இது வீம்புக் கேள்வி இல்லை. அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு, நாடு முழுவதும் தடையின்றிச் சென்றுவரும் உரிமையை நமக்குத் தருகிறது. ஆனால் அதே பிரிவு, பொதுமக்களின் நலனுக்காக நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்றும் சொல்கிறது. அங்கேயே இன்னொரு காரணமும் இருக்கிறது, பலர் கவனிக்காதது: பழங்குடியினரின் நலனைக் காப்பதற்காகவும் கட்டுப்பாடு போடலாம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொல்பழங்குடிகள் வாழும் மாவட்டம் நீலகிரி. ஊட்டியைப் பூங்காவும் ஏரியுமாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டதால் இது நமக்குச் சட்டென்று தோன்றுவதில்லை.

சுதந்திரம் என்றதும் வருகிறவரின் சுதந்திரத்தைத்தான் பேசுகிறோம். இருக்கிறவருக்கு? நீலகிரியில் சுமார் ஏழரை லட்சம் பேர் வாழ்கிறார்கள். மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நடக்கும் வாரத்தில் அவர்கள் ஒரு அவசரத்துக்குக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமென்றால், கொண்டை ஊசி வளைவில் ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதும் நடமாடும் சுதந்திரம் பற்றிய கேள்விதான். வெளியூர் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவது சீசனில் போலீஸ் செய்கிற வழக்கமான ஏற்பாடு. அப்படிச் செய்தும் ஊருக்குள் வந்ததும் வண்டிகள் நின்றுவிடுகின்றன. இயற்கைக்கும் மனிதருக்கும் நடக்கிற சண்டை என்று இதைச் சொல்வது பாதிதான் சரி. ஒரு மனிதரின் சுதந்திரம் இன்னொரு மனிதரின் சுதந்திரத்தோடு ஒரே சாலையில் மோதுகிறது.

அதற்காகச் சுற்றுச்சூழல் பக்கத்தை லேசாகத் தள்ளிவிடவும் முடியாது. இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம், 1986-ல் அறிவிக்கப்பட்டது, இந்த மலைத்தொடரில்தான் இருக்கிறது. 2009 நவம்பரில் பெய்த மழையில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். சரிவில் மண்ணை வெட்டிக் கட்டடம் எழுப்பினால், மழைநீர் போகிற வழி அடைபடுகிறது. பிறகு மண் தானே வழி தேடிக்கொள்கிறது.

சரி, வியாபாரம்? வணிகர்கள் கடையடைத்ததில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த நியாயம் வரம்பின் அளவைவிட, வரம்பு வந்த விதத்தில் இருக்கிறது. மார்ச் நடுவில் உத்தரவு, ஏப்ரல் 1-ல் அமல். சீசனை நம்பிக் கடன் வாங்கிச் சரக்கு எடுத்தவரும், முன்பதிவுப் பணம் வாங்கிய லாட்ஜ்காரரும் என்ன செய்வார்கள்? டாக்சி ஓட்டுகிறவர், வர்க்கி போடுகிற பேக்கரிக்காரர், சாலையோரம் கேரட் விற்கிறவர், எல்லாருக்கும் அந்த மூன்று மாதம்தான் வருடத்தின் வரும்படி. கடுமையான விதியோடு ஒரு தொழில் வாழப் பழகிவிடும். எப்போது எது மாறும் என்று தெரியாத விதியோடு வாழ முடியாது.

இதற்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. மலையின் மறுபக்கம் சீகூர். அங்கே யானை வழித்தடத்தை அரசு 2010-ல் அறிவித்தது. வழக்கு நடந்து, உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2020 அக்டோபரில். பத்து வருடம். அதற்கிடையில் 2018-ல், அந்த வழித்தடத்தில் கட்டப்பட்டிருந்த ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தார்கள். முடிவு யானைகளுக்குச் சாதகமானது, சரியான முடிவும்கூட. ஆனால் முதல் அறை கட்டப்படும்போதே "இங்கே கட்டாதே" என்று சொல்லியிருந்தால் முதல் போட்டவருக்கு நஷ்டமில்லை, வேலை செய்தவருக்கும் வேலை போயிருக்காது, யானையும் சுற்றிப் போயிருக்க வேண்டியதில்லை. தாமதத்தில் மூன்று தரப்பும் தோற்றன.

நன்றாக நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். காட்டில் வீசப்பட்ட மதுப்பாட்டில்கள் உடைந்து, யானைகளின் கால்களைக் கிழித்தன. குடிக்கக்கூடாது என்று தடை போட்டிருக்கலாம்; நடக்கிற காரியமா அது? 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் வேறொரு வழியைக் கொண்டுவந்தார்கள், அதுவும் உயர் நீதிமன்றத்தின் வற்புறுத்தலில்தான். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவது, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுப்பது. பாட்டில்களில் பெரும்பகுதி திரும்பி வந்தது. பிறகு திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் போனது. குடிக்கிறவரின் உரிமையில் கை வைக்கவில்லை, அரசின் வருமானமும் குறையவில்லை, புதரில் கண்ணாடி குறைந்தது. ஆனால் இதையும் முழு வெற்றி என்று சொல்லிவிட மாட்டேன். காலிப் பாட்டில்களை வாங்கி, எண்ணி, அடுக்கிவைக்கும் வேலை கடை ஊழியர்களின் தலையில் விழுந்தது. கூடுதல் ஆளும் இல்லை, இடமும் இல்லை என்று அவர்கள் போராடினார்கள். கொள்கை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை எப்போதும் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

அதே போல வண்டிக்கும் ஒரு விலை வைத்துவிடலாமே என்று கேட்கலாம். லண்டன் 2003-ல் நகர மையத்துக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம் போட்டது. பூடான் வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஓர் இரவுக்கு 200 டாலர் என்று 2022-ல் உயர்த்தியது. வருகிறவர்கள் குறைந்துபோகவே அடுத்த ஆண்டே பாதியாகக் குறைத்தது. கட்டணம் எளிது, வருமானமும் வரும். ஆனால் ஊட்டியில் அதைச் செய்தால் என்ன ஆகும்? பெரிய காரில் வருகிறவர் ஆயிரம் ரூபாயைக் கவலைப்படாமல் கட்டிவிட்டு ஏறுவார். வருடத்தில் ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாடகை வேனில் வரும் குடும்பம் கீழேயே நின்றுவிடும். எண்ணிக்கை வரம்பு அந்த வகையில் மேல், பணத்தைப் பார்ப்பதில்லை. அதன் குறை வேறு: இணையத்தில் முந்திக்கொள்கிறவருக்குத்தான் கிடைக்கும். போதாக்குறைக்கு, கல்லாறு போன்ற சோதனைச் சாவடிகளில் பாஸ் பார்ப்பதற்கே வண்டிகள் வரிசைகட்டி நின்றன. நெரிசலைக் குறைக்க வந்த விதியே நெரிசலை உண்டாக்கிய விசித்திரம்!

இப்போது அந்த 600-க்கு வருகிறேன். இருபதாயிரம் வண்டியில் அறுநூறு பஸ். ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் என்று வைத்தால் முப்பதாயிரம் பேர். ஒரு காருக்கு நான்கு பேர் என்று வைத்தால், 11,500 கார்களில் வருகிறவர்கள் நாற்பத்தாறாயிரம் பேர். அவர்களை பஸ்ஸில் ஏற்றினால் ஆயிரத்துக்கும் குறைவான பஸ்கள் போதும். நீதிமன்றம் வரம்பு போட்டது வண்டிக்கு, மனிதருக்குப் போடவில்லை. அரசு பஸ்ஸுக்கு விலக்கும் கொடுத்தது. அந்த விலக்கில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஊட்டிக்குப் போகும் உரிமை எனக்கு உண்டு. காரோடுதான் போவேன் என்பது வசதி. வசதியைக் குறைத்து உரிமையைக் காப்பாற்றலாம். மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்த இடம், அங்கிருந்து சில நிமிடங்களுக்கு ஒரு பஸ், மேலே சுற்றிப் பார்க்க உள்ளூர் டாக்சிகளும் சிறிய பஸ்களும். இப்படிச் செய்தால் வர்க்கி விற்கிறவருக்கு ஆள் குறையாது. டாக்சிக்காரருக்குச் சவாரி கூடும். கார் நிறுத்துமிடம் வைத்து வாடகையைக் கூட்டுகிற பெரிய ஓட்டல்களுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். அந்த வருத்தத்தை நான் தாங்கிக்கொள்வேன்!

மலை ரயிலை விட்டுவிட்டானே என்று நினைக்காதீர்கள். 1908-ல் ஊட்டியைத் தொட்ட ரயில், 2005-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அழகானது. ஆனால் அதில் சீசனில் டிக்கெட் கிடைப்பது முகூர்த்த நாளில் மண்டபம் கிடைப்பது போல. பாரத்தை அதன்மேல் ஏற்ற முடியாது.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. இத்தனையும் முடிவு செய்தது நீதிமன்றம். சட்டமன்றம் இல்லை, நகராட்சி இல்லை. சுவீடனில் ஸ்டாக்ஹோம் நகரம் 2006-ல் வேறு மாதிரி செய்தது. நகருக்குள் வரும் வண்டிகளுக்குக் கட்டணத்தை ஜனவரியிலிருந்து ஜூலை வரை சோதனையாக வசூலித்தது. தொடங்கும்போது மக்களில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தன. செப்டம்பரில் வாக்கெடுப்பு வைத்தபோது நகரவாசிகளில் பெரும்பான்மையினர் தொடரட்டும் என்றார்கள். 2007-லிருந்து அது நிரந்தரமானது. முதலில் பார்த்தார்கள், அப்புறம் முடிவெடுத்தார்கள்.

மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆய்வு செய்யும் பொறுப்பைச் சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் கொடுத்திருந்தார்கள். நிபுணர்கள் ஓர் எண்ணைச் சொல்லலாம். அந்த எண்ணுக்குள் யாருக்கு எவ்வளவு, லாட்ஜ் அறைகளுக்கும் வரம்பு உண்டா, எத்தனை மாதம் முன்பே அறிவிக்கவேண்டும் என்பதையெல்லாம் அங்கே வாழ்கிறவர்கள் சொல்லவேண்டும். மே 1 அன்று தமிழ்நாடு முழுக்கக் கிராம சபை கூடுகிறது. நீலகிரியில் அது சீசனின் நடுநாள், சாலை எப்படி இருக்கிறது என்று எல்லாருக்கும் நேரில் தெரிகிற நாள். அடுத்த ஆண்டின் வரம்பை அன்றைக்கே அந்தச் சபைகளின் முன் வைத்து, நகராட்சிகளிலும் விவாதித்து, தீபாவளிக்கு முன்பே அறிவித்துவிட்டால், லாட்ஜ்காரருக்கும் சரக்கு எடுக்கிறவருக்கும் ஊட்டிக்குக் கிளம்புகிற குடும்பத்துக்கும் திட்டமிட ஐந்தாறு மாதம் கிடைக்கும்.

நன்றி, வணக்கம்.