முடிச்சும் குறிப்பும்

தென்னாப்பிரிக்கத் தமிழ் நேயர்களுக்கு வணக்கம். டர்பன், பீனிக்ஸ், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்கும், தூரத்தில் லெனேசியாவில் இருந்து கேட்பவர்களுக்கும் சேர்த்துத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பில் கறி கொதிக்கிற நேரத்தில் படிப்பைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள் என்று நிகழ்ச்சி நடத்தும் தங்கச்சியிடம் கேட்டேன். "மெட்ரிக் பிள்ளை இருக்கிற வீட்டுல எல்லாரும் கேப்பாங்க அங்கிள், அந்தப் பிள்ளையைத் தவிர" என்றார். மெட்ரிக் என்றால் இங்கே பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளிக் கடைசிப் பரீட்சை. சரி, பெரியவர்கள் கேட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நான் சாட்ஸ்வொர்த்தில் முப்பத்தொரு வருஷம் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன். ஆள் பற்றாக்குறை வந்தபோது பூகோளமும் எடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். திறந்து பார்த்தால் உள்ளே இருப்பதெல்லாம் வேறு யாரோ எழுதிய குறிப்புகள். போன வருஷத்து அக்காவின் ஜெராக்ஸ், வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப், காசு கொடுத்து வாங்கின கைடு. எல்லாவற்றின் மேலும் ஹைலைட்டர். காவடிக்கு உடுத்தின மாதிரி பக்கம் முழுக்க ஒரே மஞ்சள். எல்லா வரியும் முக்கியம் என்றால் எந்த வரி முக்கியம்?

ஒரு பழைய கதை. பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். அங்கே மேலிடத்தில் இருந்தவர் ஒருவர், எல்லாப் பிள்ளைகளும் ஒரே குறிப்பைப் படித்தால் ரிசல்ட் ஏறும் என்று தட்டச்சு செய்த தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார். சொவெட்டோ மாணவர் எழுச்சி என்ற தாளில் 1976 என்பது 1967 என்று விழுந்திருந்தது. பரீட்சையில் வகுப்பே 1967 என்று எழுதியது. இரண்டு பெண்கள் மட்டும் சரியாக எழுதினார்கள். தாள் கொடுத்த அன்று அவர்கள் பள்ளிக்கு வரவில்லை.

அன்றைக்குச் சிரித்தேன். பிழை திருத்தாமல் கையில் கொடுத்தவர்களில் நானும் ஒருவன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

என் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடைக்குப் போகும்போது மறக்கக்கூடாதது இருந்தால் சேலை முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார். இரண்டு விஷயம் என்றால் இரண்டு முடிச்சு. அந்த முடிச்சில் "புளி" என்றோ "மாமாவுக்குக் கடிதம்" என்றோ எதுவும் எழுதியிருக்காது. கையில் தட்டுப்பட்டதும் ஒரு நிமிஷம் நின்று, "என்னத்துக்குப் போட்டேன்?" என்று தன்னையே கேட்டுக்கொள்வார். அப்புறம் ஞாபகம் வந்துவிடும்.

படிக்கிறதைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள் இதையேதான் நீளமாகச் சொல்லியிருக்கிறார்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களிடம் ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்து, ஒரு சாராரை மறுபடியும் படிக்க வைத்தார்கள். மற்றவர்களிடம் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, ஞாபகம் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கணக்கு தலைகீழ். திரும்பப் படித்தவர்கள் 42, யோசித்து எழுதிப் பார்த்தவர்கள் 56. அதனால்தான் ராத்திரி நான்கு தடவை படித்த பிள்ளை "எல்லாம் தெரியும் அங்கிள்" என்று நம்பிக்கையோடு சொல்கிறது. அந்த ஐந்து நிமிஷத்துக்குத் தெரியும். பரீட்சை அடுத்த வாரம்.

ஆகவே குறிப்பு முடிச்சு மாதிரி இருக்க வேண்டும். தொட்டால் யோசிக்க வைக்க வேண்டும். எழுதுகிற பக்கத்தில் இடது ஓரத்தைக் கோடு போட்டுத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். வலது பக்கம் பாடம், இடது பக்கம் கேள்வி. படிக்கும்போது வலது பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, கேள்வியைப் பார்த்து வாயால் பதில் சொல்லுங்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்ற ஆசிரியர் 1950-களிலேயே சொல்லிக்கொடுத்தது.

என்ன கேள்வி எழுதுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1913 வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நம் வீட்டுச் சரித்திரம். கைடில் இப்படித்தான் இருக்கும்: மூன்று பவுன் வரியை எதிர்த்து இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், 1914-இல் வரி நீக்கப்பட்டது. பிள்ளை அதைப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்கிறது. பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கியவர்கள் வருஷாவருஷம் கட்ட வேண்டிய அந்த வரியைப் போட்ட சட்டம் வந்தது 1895-இல். பதினெட்டு வருஷம் என்ன நடந்தது? ஏன் 1913? இந்தக் கேள்வியை ஓரத்தில் எழுதிவிட்டுத் தேடினால் பக்கம் தானாக நிறையும். ஒப்பந்தக் கூலியின் முதல் வருஷச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங், ஆறு மாதச் சம்பளம். 1912-இல் இந்தியத் தலைவர் கோகலே இங்கே வந்தார், மந்திரிகளைப் பார்த்தார், வரியை எடுப்பதாக வாக்குக் கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வரி போகவில்லை. 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத நம் கல்யாணங்கள் செல்லாது என்று ஆனது. பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை நின்றது, அங்கிருந்து கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. இந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போய்க் காய்ச்சலோடு வெளியே வந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்துபோனாள், பதினாறு வயது.

இப்போது உங்களிடம் வெறும் தேதி இல்லை, ஒரு வாதம் இருக்கிறது. மெட்ரிக் சரித்திரக் கட்டுரையில் மார்க் போடுகிறவர் தேடுவது அதைத்தான். ஒவ்வொரு தாளுக்கும் மூன்று மணி நேரம், 150 மார்க், மூன்று கேள்விகள். குறைந்தது ஒன்று கட்டுரை, குறைந்தது ஒன்று ஆதாரங்களைக் கொடுத்துக் கேட்பது.

அந்த ஆதாரக் கேள்விக்குத்தான் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். இதற்கு நான் வகுப்பில் காட்டியது கப்பல் பட்டியல். 1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸில் இருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி 1911 வரை, 1,52,184 பேர் இங்கே வந்து இறங்கினார்கள். அவர்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள்: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் அடையாளம். இதுவும் ஒரு குறிப்புதான். எழுதியது வேறு ஆள், அவனுக்கு வேண்டியதை மட்டும் எழுதினான். ஓடிப்போனால் பிடிக்க வேண்டும், அதற்குத் தழும்பு வேண்டும். அவளுக்குப் பாடத் தெரியுமா, ஊரில் யாரை விட்டுவிட்டு வந்தாள், அதற்கெல்லாம் அந்தத் தாளில் கட்டம் கிடையாது. முதலி மூட்லி ஆனதும், கவுண்டர் கவெண்டர் ஆனதும் இப்படி ஆங்கிலக் காகிதங்களில் ஏறித்தான். இன்றைக்கும் நம் ஐடி கார்டில் அந்த எழுத்துக்கூட்டு இருக்கிறது.

என் பாட்டனுக்குப் பாட்டன் பெயருக்கு நேரே "இடது கெண்டைக்காலில் தழும்பு" என்று இருக்கிறது. எப்படி வந்த தழும்பு? வகுப்பில் இதைப் போட்டுவிட்டு, "இந்தத் தாள் யாருக்காக எழுதியது, எதைச் சொல்லவில்லை?" என்று கேட்பேன். அந்த இரண்டு கேள்வியும் ஓரத்தில் இருந்தால் எந்த ஆதாரம் வந்தாலும் பயப்பட வேண்டியதில்லை.

மற்ற பாடங்களுக்கு வருகிறேன். பூகோளத்துக்கு வாக்கியம் எழுதி மெனக்கெட வேண்டாம், படம் போடுங்கள். நம் கடலில் குளிக்கலாம், கேப் டவுனில் கால் வைத்தால் நடுக்கம். ஏன்? நாட்டின் வரைபடத்தைக் கையால் போட்டு, கிழக்கே மேலிருந்து கீழே இறங்கும் அகுல்ஹாஸ் வெப்ப நீரோட்டத்துக்கு ஒரு அம்பு, மேற்கே மேலே ஏறும் பெங்குவேலா குளிர் நீரோட்டத்துக்கு ஒரு அம்பு. முடிந்தது. மூடிவிட்டு மறுபடியும் போட்டுப் பாருங்கள். பொருளாதாரத்துக்குச் செய்தித்தாள் போதும். இங்கே பெட்ரோல் விலை ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மாறுகிறது. விலை ஏறினதா இறங்கினதா, ராண்ட் டாலருக்கு எதிரே எப்படி இருந்தது, உலகச் சந்தையில் எண்ணெய் என்ன விலை என்று மாதம் மூன்று வரி எழுதுங்கள். வருஷக் கடைசியில் நாணய மாற்று விகிதம் என்ற பாடத்தைத் தனியாகப் படிக்க வேண்டியிருக்காது.

கல்லூரியில் சமூகவியல், அரசியல் படிக்கிறவர்களுக்கு வேறு தொல்லை, எல்லாம் வரையறை. ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் "என் தெருவில்" என்று ஒரு கட்டம் வைத்துக்கொள்ளுங்கள். இடப் பிரிவினை என்ற சொல்லுக்கு உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம். எந்த இனம் எங்கே குடியிருக்க வேண்டும் என்று பிரித்த 1950-இன் குரூப் ஏரியாஸ் சட்டத்தால், டர்பனில் உள்ள கேட்டோ மேனரை விட்டுக் கிளம்பின குடும்பங்கள் எத்தனையோ சாட்ஸ்வொர்த்தில் இருக்கின்றன. பாட்டியிடம் போய் உட்காருங்கள். அவர் சொல்வதைத் தமிழில் எழுதினாலும் சரி, பாதி ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி. பரீட்சைதான் ஆங்கிலத்தில், ஓரத்துக் கேள்வி உங்கள் பாஷையில் இருக்கலாம்.

கையால் எழுதுவதா, லேப்டாப்பில் தட்டுவதா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். 2014-இல் வந்த ஓர் ஆய்வு கையெழுத்துக்கு ஓட்டுப் போட்டது. தட்டுகிறவர்கள் காதில் விழுந்ததை அப்படியே இறக்கிவிடுகிறார்கள் என்றது. பிறகு மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. எனக்குப் பேனா பிடிக்கும், அது வயசு.

நினைத்ததை எழுத முடியாத இடத்திலும் குறிப்பு எடுத்தவர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள். ராபன் தீவுச் சிறையில் நிறவெறியை எதிர்த்துப் போராடிய அகமது கத்ராடா யூனிசா பல்கலைக்கழகம் மூலம் தபாலில் படித்துப் பட்டங்கள் வாங்கினார், சரித்திரமும் அதில் உண்டு. படித்த புத்தகங்களில் மனசில் பட்ட வரிகளைக் காவலர்களுக்குத் தெரியாமல் நோட்டுப் புத்தகங்களில் எடுத்து எழுதி வைத்துக்கொண்டார். அதே தீவில் மண்டேலா ரகசியமாக எழுதிய சுயசரிதையை உடன் இருந்த கைதி மேக் மகாராஜ் பொடி எழுத்தில் பிரதி எடுத்து, 1976-இல் விடுதலையானபோது வெளியே கொண்டுவந்தார். தோட்டத்தில் புதைத்து வைத்த மூலப்பிரதி பிடிபட்டது. அதற்குத் தண்டனையாக மண்டேலா, சிசுலு, கத்ராடா மூவருக்கும் படிக்கிற உரிமையை நான்கு வருஷம் பிடுங்கிக்கொண்டார்கள். தண்டனை கொடுக்கிறவனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, எதைப் பிடுங்கினால் வலிக்கும் என்று.

நேரம் ஆகிவிட்டது, தங்கச்சி கண்ணாடிக்குப் பின்னால் கை காட்டுகிறார். இதைக் கேட்டுவிட்டு நாளைக்கு யாராவது வந்து, "அங்கிள், உங்க பழைய நோட்ஸ் இருந்தா குடுங்க" என்று கேட்கத்தான் போகிறீர்கள். வாருங்கள், டீ போட்டுத் தருகிறேன். ஃபைல் தர மாட்டேன்.

வணக்கம்.